குலு பள்ளத்தாக்கில் குழந்தைகளுடன் ஐந்து இரவுகள்: தங்குமிடத் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டு மே மாதம் மதுரையிலிருந்து எங்கள் குடும்பத்தினர் எட்டுப் பேர் இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கிற்குச் சென்று ஐந்து இரவுகள் தங்கித் திரும்பினோம். நான், என் கணவர், என் தங்கை, அவள் கணவர், மூட்டுவலி உள்ள எங்கள் அம்மா ஆகிய ஐவர் பெரியவர்கள். என் பிள்ளைகள் இருவருக்கு வயது எட்டும் மூன்றும். தங்கை மகளுக்கு ஆறு. தங்குமிடம் தேடும் பொறுப்பு என்னுடையது. தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று தவறாகவும் மற்றொன்று சரியாகவும் அமைந்தன. இரண்டையும் ஒரே முறையில்தான் தேடினேன் என்பதால், எந்த இடத்தில் என் கணிப்பு பிசகியது என்பதைப் பின்னர் தெளிவாகப் பார்க்க முடிந்தது. விடுதியின் அறை வாடகையை வைத்து அதை மலிவு என்றோ விலை கூடியது என்றோ சொல்வது, குழந்தைகளோடு மலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பொருந்தாது. அந்த விடுதியில் தங்கினால் ஒரு முழு நாள் என்ன செலவாகிறது, அந்த இரவு குழந்தை உறங்கியதா என்பவை இரண்டும் சேர்ந்ததுதான் அதன் உண்மையான விலை. இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கணக்கைப் பற்றியதே.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் குலு பள்ளத்தாக்கில் விடுதியைத் தேர்வதற்கு முன் கரையைத் தேர்ந்தாக வேண்டும். ரோஹ்தாங் கணவாய்ப் பக்கத்திலிருந்து இறங்கும் பியாஸ் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மேற்கில் உள்ள வலது கரையில் தேசிய நெடுஞ்சாலை, மணாலி நகரம், கட்ரைன், பட்லிகுஹல் ஆகியவை இருக்கின்றன. கிழக்கில் உள்ள இடது கரையில் வசிஷ்ட், ஜகத்சுக், நக்கர் முதலிய ஊர்கள், குறுகலான பழைய சாலை ஒன்றை ஒட்டி, சரிவின்மேல் அமைந்திருக்கின்றன. மணாலியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,050 மீட்டர். அங்கிருந்து இருபது கி.மீ. தெற்கே உள்ள நக்கர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளம்பரங்களில் எல்லாமே ‘மணாலி’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வரைபடத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரை ஏன் முக்கியம் என்பதை நான் அங்கு போன பிறகுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். இடது கரைச் சரிவு மேற்கு நோக்கியது. காலையில் முதுகுப்புற மலையைத் தாண்டி வெயில் வர நேரமாகும். ஆனால் பிற்பகல் வெயில் மாலை வரை நேராக வீட்டின்மேல் விழும். வலது கரையின் ஊர்களில் இதற்கு மாறாக, மேற்கு மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு சிறிய வேறுபாடுதான். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை உடையை நனைத்துக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையோடு, மே மாதத்திலும் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடிய ஊரில் இருக்கும்போது, மாலை வெயில் படும் மொட்டைமாடி என்பது சலவைச் செலவையும் ஹீட்டர் வாடகையையும் மிச்சப்படுத்தும் பொருளாகிவிடுகிறது.

தூங்கும் இடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுத்தேன். உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் தலைதூக்குகிறது. பெரியவர்கள் தலைவலி என்று சொல்லிவிடுவார்கள். சிறு குழந்தை சொல்லத் தெரியாமல் நச்சரிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், விளையாடாமல் தோளில் சாய்ந்துகொள்ளும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட, ரோஹ்தாங் கணவாய்க்கு அடியில் செல்லும் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு, அதன் மறுபுறம் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள சிஸ்ஸு மணாலியிலிருந்து எளிதில் போய் வரக்கூடிய ஊராகிவிட்டது. அங்குள்ள கூடாரங்களுக்கு மிகக் குறைந்த வாடகை கேட்டார்கள். படங்களில் பின்னணியில் பனிமலை தெரிந்தது. மூன்று வயதுக் குழந்தையை முதல் நாளே அந்த உயரத்தில் உறங்க வைக்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்கினேன். பகலில் போய் வருவது வேறு, இரவு தங்குவது வேறு.

அடுத்து ஆறு. பியாஸ் கரையில், அறைக் கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற விடுதிகள் பல உண்டு. தேடும்போது முதலில் கண்ணில் படுபவையும் அவைதான். 2014 ஜூன் 8ஆம் தேதி, இந்தப் பள்ளத்தாக்குக்குக் கீழே தலோட் என்ற இடத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரில், படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் அவர்களோடு வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2023 ஜூலையில் இதே ஆறு பெருகிக் கரையோரக் கட்டடங்களையும் வாகனங்களையும் சாலையையும் கொண்டுபோனது. மே மாதத்தில் பெருமழை இல்லாவிட்டாலும் பனி உருகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பகல் வெயிலில் உருகியது மாலையில்தான் வந்து சேர்வதால், காலையில் நடந்து போன கல் மாலையில் மூழ்கியிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? கட்டுச்சுவரோ வேலியோ இல்லாத ஆற்றங்கரை விடுதி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இன்றும் அந்த முடிவில் மாற்றமில்லை.

இவற்றுக்குப் பிறகே வாடகை வருகிறது. முன்பதிவுத் தளங்களில் ‘குறைந்த விலை முதலில்’ என்று வரிசைப்படுத்தினால், மணாலி நகரத்தில் 3,600 ரூபாய் ‘ஃபேமிலி ரூம்’ ஒன்று முன்பக்கத்தில் வந்தது. நக்கரில் 6,000 ரூபாய் கேட்ட ஒரு ஹோம்ஸ்டே எங்கோ அடியில் கிடந்தது. மணாலியின் 3,600 ஓர் அறைக்கு. நக்கரின் 6,000 மூன்று படுக்கையறைகளும் ஒரு சிறிய சமையலறையும் மொட்டைமாடியும் கொண்ட மாடி முழுவதற்கும் காலை உணவுடன் சேர்த்து. தளத்தின் வரிசை அறையை அறையோடு ஒப்பிடுகிறதே தவிர குடும்பத்தைக் குடும்பத்தோடு ஒப்பிடுவதில்லை. எட்டுப் பேரை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வியைப் போட்டவுடனே வரிசை தலைகீழாக மாறியது. ஆனாலும் ஐந்து இரவையும் நக்கரிலேயே கழிக்க எனக்குத் துணிவு வரவில்லை. குழந்தைகளுக்குக் கடைத்தெருவும் வேடிக்கையும் வேண்டும், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தால் சலித்துப்போவார்கள் என்று நினைத்து, மணாலியில் இரண்டு இரவும் நக்கரில் மூன்று இரவுமாகப் பிரித்துப் பதிவு செய்தேன்.

பதிவு செய்வதற்கு முன் ஒன்பது இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்தி எனக்கு அரைகுறையாகத்தான் வரும். தங்கை கணவர் வடக்கே வேலை பார்த்தவர் என்பதால் அவரும் உடனிருந்தார். கேட்ட கேள்விகளில் பயன்பட்டவை சிலவே. வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படிகள் என்ற கேள்விக்கு, ‘அதிகமில்லை’ என்று சொன்னவர்கள் ஆறு பேர். எண்ணிச் சொன்னவர்கள் மூன்று பேர். எண்ணிச் சொன்னவர்களில்தான் நக்கர் வீட்டுக்காரர் இருந்தார்: சாலையிலிருந்து 34 படிகள், நடுவில் உட்கார ஒரு திண்ணை. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் அளவு தெரிவதில்லை. சிறு குழந்தையின் தலை நுழையாமல் இருக்க இடைவெளி பத்து செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கம்பிகளுக்கு நடுவே நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பாட்டில் ஏறக்குறைய எட்டு செ.மீ. அகலம் இருக்கும். அது கம்பிகளுக்கு நடுவே ஒட்டி நின்றால் சரி. இரு பக்கமும் விரல்கள் போகும் அளவுக்கு இடம் இருந்தால் வேண்டாம். இந்தப் படத்தை அனுப்பியவர்கள் நால்வர். அதில் இரண்டு இடங்களை அந்தப் படமே நீக்கிவிட்டது.

இரவு உணவு எத்தனை மணிக்கு என்றும் கேட்டேன். காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த எம்.ஏ.பி. திட்டம் குடும்பங்களுக்கு லாபம் என்று சொல்வார்கள்; சேர்த்துப் பார்த்தால் லாபமாகத்தான் தெரியும். ஆனால் விசாரித்த விடுதிகள் பலவற்றில் அந்தச் சாப்பாடு எட்டரை மணிக்கு மேல்தான் வைக்கப்படுகிறது. பகல் முழுதும் அலைந்த மூன்று வயதுக் குழந்தை ஏழரைக்கு உறங்கிவிடும். சாப்பிடாத உணவுக்குப் பணம் கட்டிவிட்டு, குழந்தைக்காகத் தனியே பாலும் ரொட்டியும் வாங்க வேண்டிவரும். ஆகவே காலை உணவு மட்டும் சேர்ந்த சி.பி. திட்டத்தையே மணாலியில் எடுத்தேன்.

ஒரு கேள்வியைக் கேட்டும் அதன் விடையை எழுத்தில் வாங்காமல் விட்டேன். இன்னொரு கேள்வியைக் கேட்கவே இல்லை. இரண்டும் மணாலி விடுதியில்தான் வந்து நின்றன. அந்த விடுதியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

சண்டிகரில் ஓர் இரவு தங்கி, காலையில் வண்டி எடுத்து, பிள்ளைகள் வாந்தி எடுக்க எடுக்க நிறுத்திப் போனதில் மணாலி சேர மாலை ஆறாகிவிட்டது. பதிவு செய்திருந்தது நால்வருக்கான இரண்டு ‘ஃபேமிலி ரூம்’கள், அறைக்கு 3,600 வீதம் 7,200, அப்போது இருந்த 12 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் ஓர் இரவுக்கு 8,064 ரூபாய். இரண்டு இரவுக்கும் முன்பணமாகவே கட்டியிருந்தோம். உள்ளே போனால் ஒவ்வோர் அறையிலும் ஓர் இரட்டைக் கட்டிலும் சுவரோரம் ஒரு சோபாவும் இருந்தன. எட்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் தலா 800 ரூபாய் எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் என்றார்கள். ஐந்து வயதுக்கு மேல் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார் மேலாளர். நால்வருக்கான அறை என்றால் நால்வருக்கும் சேர்த்துத்தானே என்று தொலைபேசியில் கேட்டபோது ‘ஆமாம் மேடம்’ என்று சொன்ன குரல் யாருடையது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கியிருந்தால் 1,600 ரூபாய் மிஞ்சியிருக்கும். எக்ஸ்ட்ரா பெட் என்று வந்தவை தரையில் விரிக்கும் மெத்தைகள். ஹீட்டருக்கு அறைக்கு 300.

இவை பணத்தைப் பற்றியவை. கேட்காமல் விட்ட கேள்வி உயிரைப் பற்றியது. குளியலறையில் வெந்நீர் வருமா என்று கேட்டிருந்தேன். எதில் வரும் என்று கேட்கவில்லை. அம்மாவுக்குக் கால் கழுவ வெந்நீர் பிடிக்கப் போன என் தங்கை, குளியலறைச் சுவரில் கேஸ் கீசர் மாட்டியிருப்பதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். மேலே காற்றுப்போக்கிக்காக ஓர் அடிச் சதுரத்தில் திறப்பு இருந்தது. அதில் தெர்மோகோல் துண்டை வெட்டி அடைத்து, நான்கு பக்கமும் பழுப்பு நிற ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள். நாடாவின் ஓரம் சுருண்டு, பல மாதத் தூசு படிந்திருந்தது. அடைத்த இடத்தின் கீழே, கைநீட்டினால் தொடும் உயரத்தில், நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. காற்று போதாத இடத்தில் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய குளியலறையில் கேஸ் கீசரைப் போட்டுக் குளித்து இறந்தவர்களைப் பற்றி நம் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. அதன் அறிகுறிகளான தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை மலையேறியதால் வரும் களைப்பைப் போலவே இருப்பதால், மலையூரில் அதை யாரும் ஐயப்படுவதில்லை என்பது இன்னும் கொடியது.

மேலாளரை அழைத்துக் காட்டினோம். குளிர் காற்று வருகிறது என்று விருந்தினர்களே குறை சொல்வதால் அடைத்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அடைப்பை எடுக்கச் சொன்னதற்குக் காலையில் ஆள் வருவார் என்றார். என் கணவர் நாற்காலி போட்டு ஏறித் தாமே பிய்த்து எடுத்தார். அன்றிரவு யாரும் குளிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்து ஒரு வாளி வெந்நீர் பிடித்துக்கொண்டு கீசரை அணைத்துவிட்டோம். நான் விடியும் வரை சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலையில் நக்கர் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னபோது, மாடி அன்று காலியில்லை, ஆனால் கீழே இரண்டு அறைகள் 4,500 ரூபாய்க்குத் தரலாம் என்றார். ஹிடிம்பா கோவிலையும் அதைச் சுற்றியுள்ள தேவதாருக் காட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு உச்சிவேளையில் புறப்பட்டோம். இரண்டாம் இரவுக்கான 8,064 ரூபாயைத் திருப்பித் தர விடுதி மறுத்துவிட்டது. அதை இழப்பாக எழுதிக்கொண்டோம்.

பட்லிகுஹலில் பாலத்தைத் தாண்டி ஆறு கி.மீ. ஏறினால் நக்கர். குலு அரசர்களின் பழைய தலைநகரம் அது. கல்லையும் மரக்கட்டையையும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய கோட்டை ஒன்று 15ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. இப்போது அதை மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடுதியாக நடத்துகிறது. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1928 முதல் 1947இல் இறக்கும் வரை இங்கே வாழ்ந்தார். நாங்கள் தங்கிய வீடு கோட்டைக்குக் கீழே ஆப்பிள் தோட்டம் ஒன்றின் நடுவில் இருந்தது. 34 படிகளை அம்மா திண்ணையில் ஒருமுறை உட்கார்ந்து ஏறினார். வீட்டம்மா இறங்கி வந்து ‘மாதாஜி’ என்று கையைப் பிடித்துக்கொண்டு, கீழ் அறை ஒன்றை ஐந்து நாளும் அவருக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அந்த அறைக்குப் பின்னர் தனியே பணம் வாங்கவில்லை. நான் உள்ளே போனவுடன் குளியலறையைப் பார்த்தேன். மின்சாரக் கீசர்தான் இருந்தது. ஜன்னல் திறந்து மூடியது.

கடைத்தெரு இல்லாவிட்டால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்ற என் எண்ணம் முற்றிலும் தவறு. மணாலியின் மால் சாலையில் வண்டிகள் வராது என்பதால் குழந்தைகளுக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். மே மாதக் கூட்டத்தில் அங்கே மூன்று வயதுக் குழந்தையைத் தரையில் இறக்கிவிடவே முடியவில்லை. நக்கரில், சுற்றுச்சுவர் உள்ள தோட்டத்தில் மூன்று பிள்ளைகளும் காலை ஏழு மணிக்கு இறங்கினால் எட்டரை வரை எங்களைத் தேடவில்லை. சுண்டைக்காய் அளவில் ஆப்பிள் பிஞ்சுகள் இருந்தன; வேலியோரத்தில் செர்ரி சிவக்கத் தொடங்கியிருந்தது. கன்றுக்குட்டிக்குப் புல் கொடுப்பதற்காகவே தங்கை மகள் காலையில் தானாக எழுந்தாள். குடும்பத்துக்கு ஏற்ற விடுதி என்ற சொல்லுக்கு விளம்பரங்கள் விளையாட்டு அறை, ஊஞ்சல் என்று பொருள் சொல்கின்றன. பெற்றோர் கண்பார்வைக்குள், விழுந்தாலும் புல்லில் விழும்படியாக, பிள்ளை தானே நடமாடக்கூடிய பத்து சென்ட் இடம் இருந்தால் அது போதும் என்று இப்போது சொல்வேன்.

சாப்பாட்டில் ஒரு சிறு பாடம். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், திறந்த பாத்திரத்தில் வடித்தால் சோறு வேக வெகுநேரமாகும். வெந்தாலும் நடுவில் விறைப்பு இருக்கும். ஊரிலிருந்து மின்சாரக் குக்கரைக் கொண்டுபோகலாம் என்று பலர் சொல்வார்கள். அதைவிட, விசில் வைக்கும் பிரஷர் குக்கரைப் பயன்படுத்த அனுமதி உள்ள சமையலறையே மேல். வீட்டம்மா தன் குக்கரைத் தந்தார். ஏழு மணிக்குள் குழைந்த சோறும் தயிரும் குழந்தைகளுக்குத் தயாராகிவிடும். பெரியவர்கள் பின்னர் அவர்கள் வீட்டு ராஜ்மாவும், கோதுமை மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் சிட்டுவும் சாப்பிடுவோம். சிட்டுவை நெய் ஊற்றிப் பிட்டபோது அம்மா கொழுக்கட்டை என்றே முடிவு செய்துவிட்டார். இரவு உணவுக்குப் பெரியவருக்கு 300, பிள்ளைக்கு 150, மூன்று வயதுக்கு ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு 1,800 ரூபாய்.

நான்காம் நாள் சுரங்கப்பாதை வழியே சிஸ்ஸு போனோம். 1,800 மீட்டரிலிருந்து 3,100 மீட்டருக்குச் சில மணி நேரத்திலேயே ஏறுகிறோம் என்பது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதில்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்குள் என் மூன்று வயது மகன் விளையாட்டை விட்டுவிட்டு மடியில் வந்து படுத்தான். பிஸ்கட்டைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பும் வழியில் வாந்தி எடுத்தான். வளைந்த சாலையால் வந்ததா, உயரத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது கீழே இறங்குவதுதான். நக்கர் வந்து இரண்டு மணி நேரத்தில் கரைசல் தண்ணீர் குடித்து, சோறு கேட்டுச் சாப்பிட்டு உறங்கினான். சிஸ்ஸு கூடாரத்தில் அன்றிரவு நாங்கள் தங்கியிருந்தால் இருட்டில், குளிரில், வாந்தி எடுக்கும் குழந்தையோடு மலை இறங்க வண்டி தேடியிருப்போம்.

நக்கர் வீட்டிலும் குறைகள் இருந்தன. மாலையில் இரண்டு நாட்கள் மின்சாரம் போய், ஒன்றரை மணி நேரம் வெந்நீரும் விளக்கும் இல்லை; கம்பளியும் ரஜாய் என்ற பஞ்சுப்போர்வையும் கூடுதலாகத் தந்தார்கள் என்றாலும் பிள்ளைகள் பயந்தார்கள். எட்டு மணிக்கு மேல் ஒரு டயபர் பொட்டலம் வாங்க வேண்டுமென்றால்கூடப் பட்லிகுஹலுக்கு இறங்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு மணாலிக்கோ குலுவுக்கோதான் போக வேண்டும். இரண்டுமே இருபது கி.மீ. அளவில். மகன் வாந்தி எடுத்த அன்றிரவு இந்தத் தூரம் என் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கோ, இளைப்பு உள்ள பிள்ளையை அழைத்துச் செல்பவர்களுக்கோ நக்கரை நான் பரிந்துரைக்க மாட்டேன்; நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கட்ரைன் பக்கம் பார்க்கச் சொல்வேன். மணாலிக்கு மேலே உள்ள சோலங் பள்ளத்தாக்குக்கும் சிஸ்ஸுவுக்கும் போன இரண்டு நாட்களும் மணாலியிலிருந்து போவதைவிட வண்டிக்குத் தலா 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம்.

இப்போது கணக்கு. மதிய உணவு எங்கே தங்கினாலும் வழியில்தான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மணாலியில் ஓர் இரவு: அறைகள் 8,064, எக்ஸ்ட்ரா பெட் 1,600, ஹீட்டர் 600, விடுதியிலேயே சாப்பிட்ட இரவு உணவு 2,450, மொத்தம் 12,714 ரூபாய். நக்கரில் நான்கு இரவுகள்: முதல் இரவு 4,500, மாடி மூன்று இரவுக்கு 18,000, இரவு உணவு 7,200, கூடுதல் வண்டிச் செலவு 3,000, மொத்தம் 32,700, அதாவது நாளொன்றுக்கு 8,175. சிறிய ஹோம்ஸ்டே என்பதால் ஜிஎஸ்டி போடவில்லை. தளத்தில் 3,600 என்று பார்த்த இடம் நாளொன்றுக்கு 4,539 ரூபாய் அதிகமாகவும், 6,000 என்று பார்த்த இடம் குறைவாகவும் முடிந்தன. திரும்பி வராத 8,064ஐயும் சேர்த்தால் ஐந்து இரவுக்கு 53,478 ரூபாய். முதலிலேயே ஐந்து இரவையும் நக்கரில் பதிவு செய்திருந்தால் அதே வண்டிச் செலவையும் சேர்த்து 42,000இல் முடிந்திருக்கும். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அந்த விகிதத்தில் எங்கள் மணாலி அறைகள் 7,560 ஆகியிருக்கும், முடிவு மாறியிருக்காது.

மாற்றக்கூடியது மாதம்தான். நம் பள்ளி விடுமுறையான மே மாதமே வடநாட்டவர் வெயிலுக்குத் தப்பி மணாலிக்கு வரும் மாதமும் என்பதால், ஆண்டிலேயே அதிக வாடகை கொடுத்து, அதிகக் கூட்டத்தில் நிற்கிறோம். ஜூலை, ஆகஸ்டில் வாடகை சரியும். ஆனால் சாலைகள் சரியும் பருவமும் அதுதான் என்பதால் பிள்ளைகளோடு போக மாட்டேன். எஞ்சுவது செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை. மழை ஓய்ந்திருக்கும், மேல்தோட்டங்களில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள். விஜயதசமியன்று தொடங்கி ஏழு நாள் நடக்கும் குலு தசரா அந்த விடுமுறையில் விழுந்தால் குலு நகரத்தில் மட்டும் அறை கிடைக்காது. நக்கர் வீட்டம்மாவிடம் அந்த மாத வாடகையைக் கேட்டு வைத்திருக்கிறேன்: மாடி முழுவதும் 4,000 ரூபாய், காலை உணவுடன். வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருக்கிறார்.